பின்வாங்கச் சொன்னால் எங்கே போவது? மேசைப் போர் விளையாட்டில் அடிபட்ட படைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் விரித்து ஆடும் போர் விளையாட்டுகளில் சுடுவதாலும் நகர்வதாலும் ஆடுகிறவர்களுக்குள் பெரிய தகராறு வருவதில்லை. பகடை விழுந்தது, காய் போனது, அவ்வளவுதான். அடிபட்ட படை பின்வாங்க வேண்டும் என்று வரும்போதுதான் விதிப்புத்தகம் கைக்குக் கை மாறும், டீ ஆறிப்போகும். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும், புதிதாக ஆட வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் மெம்வார் 44 ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். அதன் விதிகள் சின்னவை, ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் பின்வாங்கலில் வரும் எல்லாச் சிக்கலும் அதிலேயே வந்துவிடும். மற்ற ஆட்டங்கள் வேண்டிய இடத்தில் வரும்.

இந்த ஒரு விதியில் மட்டும் ஏன் இத்தனை தகராறு?

என் காயை உங்கள் பகடை நகர்த்துகிறது, அதுவும் உங்கள் முறையில். அதனால் அந்தக் காய் எங்கே போய் நிற்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் அக்கறை இருக்கிறது. நீங்கள் சுட்டு என் ஆள் விழுந்தால் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பின்வாங்கலில் அப்படியில்லை. யார் கை காயைத் தொட வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும், அடியைக் கழித்த பிறகா முன்பா, போக வழியில்லை என்றால் என்ன என்று நாலு கேள்வி எழும். விதி எழுதியவர் இந்த நாலில் ஒன்றை மறந்திருந்தால் போதும், அன்றைய மாலை போய்விடும். எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் முதலில் இந்த நாலுக்கும் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மெம்வார் 44 ஆடியதில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து, டேஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட ஆட்டம். நார்மண்டி தரையிறக்கத்தின் 60-வது ஆண்டு அது. பலகை முழுக்க அறுகோணக் கட்டங்கள். காலாட்படைக்கு 4 பொம்மை, டாங்கிப் படைக்கு 3, பீரங்கிக்கு 2. ஒரு படையின் கடைசிப் பொம்மையும் போனால் எதிராளிக்கு ஒரு மெடல். முதலில் குறிப்பிட்ட எண்ணிக்கை மெடலைச் சேர்ப்பவர் ஜெயிக்கிறார்.

பகடையின் ஆறு முகங்களில் இரண்டு காலாட்படை, ஒன்று டாங்கி, ஒன்று கையெறிகுண்டு, ஒன்று கொடி, ஒன்று நட்சத்திரம். எதிரி எந்த வகைப் படையோ அந்தப் படம் விழுந்தால் அடி. குண்டு விழுந்தால் யாராக இருந்தாலும் அடி. நட்சத்திரம் சண்டையில் பொதுவாக வீண். கொடி விழுந்தால், ஒரு கொடிக்கு ஒரு கட்டம் வீதம் தாக்கப்பட்ட படை தன் பக்கம் நோக்கிப் பின்வாங்க வேண்டும். பின்வாங்க முடியாத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொம்மையை எடுத்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி வரியில்தான் எல்லா வினையும்.

ஒரே வீச்சில் அடியும் கொடியும் விழுந்தால் எதை முதலில் பார்ப்பது?

அடியை. எல்லா அடிகளையும் கழித்துவிட்டு, மிச்சம் யாராவது உயிரோடு இருந்தால் கொடிகளைப் பாருங்கள்.

"என்ன பெரிய வித்தியாசம், இரண்டும் நடக்கத்தானே போகிறது?" என்று கேட்பார்கள். வித்தியாசம் உண்டு. ஒரே ஒரு சிப்பாய் மிச்சமுள்ள படைமேல் ஒரு காலாட்படை முகமும் ஒரு கொடியும் விழுகிறது என்று வையுங்கள். அடி முதலில் என்றால் அவன் நின்ற இடத்திலேயே போனான், கொடிக்கு வேலை இல்லை. கொடி முதலில் என்று ஆடினால், "அவன் ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டான், இனி அந்த அடி எப்படிப் படும்?" என்று ஒருவர் கேட்பார். சும்மா சொல்லவில்லை, கேட்டிருக்கிறார்கள்.

"பின்னால்" என்றால் எந்தப் பக்கம்? சுட்டவனை விட்டு விலகியா?

புதிதாக ஆடுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் தவறுவது இங்கேதான். மெம்வாரில் பின்னால் என்றால் பலகையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம். சுட்டவன் எங்கே நிற்கிறான் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அறுகோணத்துக்கு ஆறு பக்கம். மெம்வார் பலகையில் இரண்டு முன்னால், இரண்டு பின்னால், இரண்டு பக்கவாட்டில் என்று அமையும். பின்வாங்கும்போது ஒவ்வொரு கொடிக்கும் பின்னாலுள்ள இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். அந்த இரண்டில் எது என்பதைப் படைக்குச் சொந்தக்காரர் சொல்வார். பக்கவாட்டில் நழுவ அனுமதி இல்லை.

இதனால் சில சமயம் வேடிக்கை நடக்கும். எதிரி டாங்கி சுற்றிக்கொண்டு உங்கள் காலாட்படையின் முதுகுப்பக்கம் வந்துவிட்டது, அங்கிருந்து சுடுகிறது, கொடி விழுகிறது. உங்கள் ஆட்கள் அந்த டாங்கி இருக்கும் திசையிலேயே போய், அதன் பக்கத்துக் கட்டத்துக்கே "பின்வாங்குவார்கள்". பார்க்க அபத்தமாக இருக்கும். விதி அதுதான். எதிரிக்குப் பக்கத்தில் போய் நிற்பதை மெம்வார் தடுப்பதில்லை.

வேறு ஆட்டங்களில் "தாக்கியவரிடமிருந்து விலகி" என்றும், "தன் ஆதார முகாமை நோக்கி" என்றும் எழுதியிருப்பார்கள். வெறுமனே "பின்வாங்கவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் ஆட்டங்களும் உண்டு. அங்கே நான் ஆட்டம் தொடங்குமுன் பலகையின் ஓரத்தைக் கையால் தொட்டு "இதுதான் நம் பின்பக்கம், சரியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன்.

வழி அடைபட்டிருந்தால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். திறந்த வெளியில் என் காலாட்படை, இரண்டு பொம்மை மிச்சம். பின்னால் இடப்பக்கக் கட்டத்தில் என் பீரங்கி. வலப்பக்கக் கட்டத்தில் என் டாங்கி. பத்து நிமிடம் முன்புதான், "பின்னாடி பத்திரமா நிக்கட்டும்" என்று நானே கொண்டுவந்து நிறுத்தியது. என் மச்சான் தன் டாங்கியைப் பக்கத்தில் கொண்டுவந்து மூன்று பகடை வீசினான். கொடி, கொடி, நட்சத்திரம்.

அடி ஒன்றுகூட இல்லை. நான் நிம்மதியாக டீயை எடுத்தேன். அவன் கையை நீட்டி, "ரெண்டு பேரையும் குடுங்க" என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. இரண்டு கொடி, இரண்டு கட்டம் பின்வாங்க வேண்டும். பின்னாலுள்ள இரண்டு கட்டத்திலும் ஆள் இருக்கிறது. நம் ஆளா எதிரி ஆளா என்று விதி பார்ப்பதில்லை, கட்டம் நிரம்பியிருந்தால் நிரம்பியதுதான். ஆக இரண்டு கட்டமும் பின்னால் போக முடியவில்லை, இரண்டு பொம்மை போச்சு, படை காலி, அவனுக்கு ஒரு மெடல். ஒரு குண்டுகூடப் படாமல் என் ஆட்கள் செத்தார்கள். "என் பீரங்கியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு இடம் கொடுக்கிறேன்" என்று வாதாடிப் பார்த்தேன். அப்படித் தள்ளிக்கொண்டு போக விடும் ஆட்டங்கள் இருக்கின்றன, மெம்வார் விடாது.

பாதி வழி போக முடிந்தால் பாதிக் கணக்கு. இரண்டு கொடியில் ஒரு கட்டம் போக முடிகிறது, அடுத்தது அடைபட்டிருக்கிறது என்றால், ஒரு கட்டம் போய் நின்றுகொண்டு ஒரு பொம்மையை எடுக்க வேண்டும். பலகையின் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்குப் பின்னால் கட்டமே கிடையாது, அதனால் ஒவ்வொரு கொடியும் ஓர் உயிர். வலது, இடது ஓரங்களில் தெரியும் அரைக்கட்டங்கள் ஆட்டத்தில் சேராது, அங்கே ஒதுங்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வேண்டுமென்றே அடைபட்ட பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு ஆளைக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்கலாமா?

பாலத்தையோ மெடல் தரும் கட்டத்தையோ பிடித்து நிற்கும் படைக்கு இந்த ஆசை வரும். நாலு பேரில் ஒருவன் போனால் என்ன, இடம் தங்குமே என்று.

ஒரு பக்கம் காலியாக இருந்தால் போகத்தான் வேண்டும். பொம்மையைக் கொடுப்பது முடியாதபோது செலுத்தும் விலை. முடியும்போது அதை வாங்கிக்கொள்ள யாரும் கடை திறந்து வைக்கவில்லை.

இரண்டு கொடி விழுந்து, முதல் கொடிக்கு இரண்டு கட்டமும் காலி, ஆனால் இடப்பக்கம் போனால் இரண்டாவது கொடிக்கு வழியில்லை, வலப்பக்கம் போனால் வழி இருக்கிறது என்றால்? சொந்தக்காரர்தான் கட்டத்தைத் தேர்கிறார் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இடப்பக்கம் போகலாம். முழுதாகப் பின்வாங்க வேண்டும் என்ற வரியைப் பிடித்துக்கொண்டு மற்றவர் மறுக்கலாம். எங்கள் மேசையில் நாங்கள் வைத்திருக்கும் தீர்ப்பு: அதிக தூரம் போக முடிகிற பாதையில்தான் போக வேண்டும், அப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால் சொந்தக்காரர் இஷ்டம். பின்வாங்கல் ஒரு கட்டளை என்பதை மதிக்கிற தீர்ப்பு இது என்பது என் எண்ணம். நீங்கள் வேறு மாதிரி ஆடலாம், ஆனால் பகடை வீசுவதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள்.

காடு, ஊர், ஆறு குறுக்கே இருந்தால்?

முன்னேறும்போது காட்டுக்குள் நுழைந்தால் நிற்க வேண்டும். பின்வாங்கும்போது வேண்டாம், ஓடுகிற வேகத்தில் புகுந்து வெளியே வந்துவிடலாம். ஆறு போன்ற கடக்க முடியாத இடம் மட்டும் கடக்க முடியாததுதான், பாலம் இருந்தாலொழிய.

"முதல் கொடியைப் புறக்கணிக்கலாம்" என்றால் கட்டாயமா, விருப்பமா?

மணல்மூட்டைக்குப் பின்னால் இருக்கும் படைக்கும், பதுங்கு அரணில் இருக்கும் காலாட்படைக்கும் இந்தச் சலுகை உண்டு. "லாம்" என்று முடிவதைக் கவனியுங்கள். விருப்பம்தான். அடிபட்டு ஒரே பொம்மையோடு நிற்கும் படைக்கு, ஒரு கட்டம் ஓடிவிடுவது உட்கார்ந்து இன்னொரு தாக்குதலை வாங்குவதைவிட மேல். அந்த நேரத்தில் சலுகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடலாம். முட்டுகிற கிடா பின்னால் போவது போல என்று ஒரு பேச்சு உண்டே, அந்தக் கணக்கு.

இரண்டு கொடி விழுந்தால் ஒன்றைத்தான் தள்ள முடியும், மற்றதற்கு நகர வேண்டும். நகர்ந்ததும் மணல்மூட்டையை எடுத்துவிடுவார்கள், திரும்பி வந்து உட்கார முடியாது.

இரண்டு காரணம் சேர்ந்தால் இரண்டு கொடியைத் தள்ளலாமா என்பது அடுத்த சண்டை. இங்கே சொல்லைப் பார்க்க வேண்டும். "முதல் கொடி" என்று எழுதியிருந்தால், இரண்டு காரணமும் அதே முதல் கொடியைத்தான் பேசுகின்றன, கூட்ட முடியாது என்பது என் வாசிப்பு. "ஒரு கொடி" என்று எழுதியிருந்தால் காரணத்துக்கு ஒன்று வீதம் கூட்டலாம். போர்க் வடிவமைத்த இன்னோர் ஆட்டமான கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸில் அப்படித்தான். தளபதி கூட இருந்தால் ஒன்று, பக்கத்தில் இரண்டு நட்புப் படைகள் துணைக்கு நின்றால் ஒன்று என்று சேர்ந்துகொண்டே போகும். ஒரே வடிவமைப்பாளர், ஒரே குடும்பத்து ஆட்டங்கள், ஆனாலும் ஒன்றின் விதியை இன்னொன்றில் நுழைக்காதீர்கள். இரண்டும் அலமாரியில் வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

காலியான கட்டத்தைத் தாக்கியவர் எடுத்துக்கொள்ளலாமா?

பக்கத்துக் கட்டத்திலிருந்து தாக்கியிருந்தால் எடுக்கலாம், கட்டாயமில்லை. எதிரி செத்தாலும் ஓடினாலும் ஒன்றே, கட்டம் காலியாக வேண்டும், அவ்வளவுதான். காலாட்படை புகுந்து நிற்கும். டாங்கி புகுந்து, இன்னொரு முறை தாக்கவும் செய்யலாம். பீரங்கிக்கு இந்த உரிமை இல்லை. தூரத்திலிருந்து சுட்டவருக்கும் இல்லை. கொடியைப் புறக்கணித்து அவர்கள் அங்கேயே நின்றுவிட்டால் பேச்சே இல்லை.

தாக்க வந்தவரே பின்வாங்க நேருமா?

மெம்வாரில் கையில் வைத்து ஆடும் அட்டைகளில் பதுங்கித் தாக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. பக்கத்தில் வந்து தாக்குவதாக எதிராளி அறிவித்ததும், பகடையை அவர் தொடும் முன் நீங்கள் அதைப் போடலாம். உங்கள் பகடை முதலில். கொடி விழுந்து அவர் பின்வாங்க நேர்ந்தால் அவருடைய தாக்குதல் அதோடு முடிந்தது. "பின்னால் போனாலும் சுடும் தூரத்தில்தானே இருக்கிறேன்" என்று கேட்பார்கள். முடியாது.

அடிபட்டு இளைத்த படை வேறு மாதிரிப் பின்வாங்குமா?

மெம்வாரில் கிடையாது. நாலு பேர் இருந்தாலும் ஒருவன் இருந்தாலும் அதே பகடை, அதே கொடி, அதே ஒரு கட்டம். ஒற்றைச் சிப்பாய் மூன்று பகடை வீசுவதைப் பார்த்து, வரலாறு படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆட்டம் விறுவிறுப்பாக இருப்பதும் அதனால்தான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மற்ற ஆட்டங்கள் பல வழியில் போகின்றன. அட்டைச் சில்லுகளை வைத்து ஆடும் ஆட்டங்களில், அடிபட்டால் சில்லைத் திருப்பிப் போடுவார்கள், மறுபக்கத்தில் குறைந்த பலம் அச்சிட்டிருக்கும். கொலம்பியா கேம்ஸ் நிறுவனத்தின் ஹாமர் ஆஃப் த ஸ்காட்ஸ் போன்ற ஆட்டங்களில் மரக்கட்டைகள். ஓரங்களில் பலம் எழுதியிருக்கும், ஒவ்வோர் அடிக்கும் கட்டையை ஒரு பக்கம் சுழற்ற வேண்டும், மேலே தெரியும் பலத்துக்குத் தக்கபடிதான் பகடை. அங்கே பின்வாங்குவதைச் சொந்தக்காரரே முடிவு செய்கிறார், தன் முறை வரும்போது சுடுவதற்குப் பதிலாக ஓடலாம். இளைத்த கட்டைக்குச் சுட்டுப் பிரயோஜனமில்லை, ஓடினால் குளிர்காலத்துக்குப் பிறகு தேறி வரலாம். அடிபட்ட படை பின்வாங்குவதற்கு இதைவிட இயல்பான விதியை நான் பார்த்ததில்லை.

வார்ஹாமரில் "பாதிக்குக் கீழ்" என்பது எப்போது?

வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப் போர் ஆட்டத்தின் 10-வது பதிப்பு, 2023-ல் வந்தது, அதை வைத்துச் சொல்கிறேன். பத்துப் பேர் கொண்ட படையில் ஐந்து பேர் மிச்சம் என்றால் அது சரிபாதி, பாதிக்குக் கீழ் இல்லை. நாலு ஆனால்தான் கீழ். ஒரே உருவம் கொண்ட படையானால் தலையை எண்ண முடியாது, அதன் உயிர்ப்புள்ளிகளை எண்ண வேண்டும்.

பாதிக்குக் கீழே போன படை தன் முறையின் தொடக்கத்தில் இரண்டு பகடை வீசித் தன் தலைமை எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் நிலைகுலைந்த படை. நிலைகுலைந்த படை கைகலப்பிலிருந்து பின்வாங்கினால் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பகடை வீச வேண்டும், 1 அல்லது 2 விழுந்தால் ஓர் ஆள் போனான். மனம் திடமாக இருக்கும் படை பின்வாங்கினால், எதிரி உருவங்களுக்கு ஊடாகப் போகிற ஆட்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. இங்கே பின்வாங்குவது சொந்தக்காரரின் விருப்பம் என்பதையும் கவனியுங்கள். "பின்வாங்கல்" என்ற ஒரே சொல், மெம்வாரில் தண்டனை, இங்கே முடிவு.

பழைய ஆட்டங்களில் எதிரியே நம் காயை நகர்த்துவாராமே, உண்மையா?

உண்மைதான். கேட்டதும் எனக்கும் நம்ப முடியவில்லை.

சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-ல் டாக்டிக்ஸ் என்ற ஆட்டத்தை வெளியிட்டார். 1958-ல் அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனத்தின் ஆட்டங்களில் சண்டையின் முடிவை ஓர் அட்டவணை சொல்லும். இரு பக்கப் பலத்தின் விகிதத்தைப் பார்த்து, ஒரு பகடை வீசி, அட்டவணையில் தேட வேண்டும். தாக்கியவர் அழிவு, தடுத்தவர் அழிவு, பரிமாற்றம் (இரு பக்கமும் காய் இழப்பது), தாக்கியவர் 2 கட்டம் பின்னால், தடுத்தவர் 2 கட்டம் பின்னால் என்று ஐந்தே முடிவு. அரைகுறை அடி என்பது அங்கே பெரும்பாலும் இல்லை. ஒன்று முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

1964-ல் வந்த ஆஃப்ரிகா கோர்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோமலும் பிரிட்டிஷ் படையும். "தடுத்தவர் 2 கட்டம் பின்னால்" என்று வந்தால், அந்தக் காயைத் தூக்கி நகர்த்துவது ஜெயித்தவர். அவர் உங்களை உங்கள் முகாம் பக்கம் அனுப்புவாரா? தன் ஆட்களுக்கு நடுவே, கடற்கரை மூலைக்கு, அடுத்த முறை நசுக்க வசதியான இடத்துக்கு அனுப்புவார். பின்வாங்கலே ஓர் ஆயுதம் ஆகிவிடுகிறது. எதிரிக் காயைச் சுற்றியுள்ள கட்டங்கள் அதன் பிடியில் இருப்பதாகக் கணக்கு. அந்தப் பிடிக்குள் புகாமல் போக வழியில்லை என்றால் காய் அழிந்தது. மெம்வாரில் எதிரிக்குப் பக்கத்தில் போய் நின்று பெருமூச்சு விட்ட படை, இங்கே உயிரோடு இருக்காது. ஆடுபுலி ஆட்டத்தில் நகர வழியில்லாமல் மூலையில் மாட்டும் புலியை நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றி வளைப்பதன் ருசி தெரிந்துவிடும்.

இவ்வகை ஆட்டங்களில் ஓயாத ஒரு கேள்வி: எதிரியின் பிடிக்குள் இருக்கும் கட்டத்தில் என் ஆள் ஒருவன் ஏற்கெனவே நின்றால், அந்த வழியாகப் பின்வாங்கலாமா? சில ஆட்டங்களில் நட்புப் படை நின்றால் பிடி செல்லாது, சிலவற்றில் செல்லும். நகர்வுக்கு ஒரு மாதிரி, பின்வாங்கலுக்கு வேறு மாதிரி என்று வைத்திருக்கும் ஆட்டங்களும் உண்டு. பொதுப் பதில் கிடையாது. விதிப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றால், பிடி செல்லும் என்றே ஆடுங்கள். விலக்கு இருந்தால் எழுதியிருப்பார்கள்.

டிப்ளமசியில்?

பகடையே இல்லாத ஆட்டம், 1959-ல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்டது. ஆனால் பின்வாங்கலை இவ்வளவு சுத்தமாக எழுதிய ஆட்டம் குறைவு. துரத்தப்பட்ட படை, தாக்கியவர் கிளம்பி வந்த பகுதிக்குப் போகக்கூடாது. யாராவது இருக்கும் பகுதிக்கும், அதே முறையில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு காலியாக விட்ட பகுதிக்கும் போகக்கூடாது. போக்கிடம் இல்லையா, கலைக்கப்பட்டது. இரண்டு படை ஒரே இடத்துக்குப் பின்வாங்க எழுதினால் இரண்டும் கலைந்தன. யாரும் கேட்காமல் விட்டது ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டால் தகராறு தீராதா?

அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். 1985-ல் வந்தது, விதிகள் வளையமிட்ட தடித்த கோப்பில் இருக்கும். மனமுடைந்த குழு ஓடுவதற்கென்று ஒவ்வொரு முறையிலும் தனியாக ஒரு நேரமே உண்டு. 6 நகர்வுப் புள்ளி. மிக அருகிலுள்ள கட்டடம் அல்லது காட்டை நோக்கி ஓட வேண்டும். எதிரியை நெருங்கிப் போகக்கூடாது. பக்கத்தில் எதிரி நிற்க, ஓடவும் முடியாவிட்டால் சரணடைய நேரும், இல்லையேல் அழிவு. இத்தனை எழுதிய பிறகு சண்டை ஓய்ந்ததா? "மிக அருகில்" என்பதைக் கட்டங்களை வைத்து எண்ணுவதா, நகர்வுப் புள்ளியை வைத்து எண்ணுவதா என்று தொடங்கியது. அதற்கும் உள்ளே பதில் இருக்கிறது, தேடி எடுக்கத்தான் நேரம் ஆகும்.

விதி வாயே திறக்காத இடத்தில் யார் முடிவு சொல்வது?

இந்தக் கேள்விக்கு வயது இருநூறு. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் வெளியிட்ட க்ரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டு, ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காக ஆடப்பட்டது. அதில் நடுவர் ஒருவர் இருந்தார். ஆனாலும் சேதத்துக்கும் பின்வாங்கலுக்கும் பகடையும் அட்டவணைகளும் உண்டு, அவை ஆட்டத்தை இழுத்தடித்தன. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, பெரும்பாலான அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்ற முறைக்கு வழிவிட்டார். வேகம் கூடியது. நடுவரின் மனச்சாய்வும் கூடவே வந்தது.

அந்தச் சாய்வு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1942 மே மாதம், மிட்வே தீவுத் தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை மேசையில் ஒத்திகை பார்த்தது. பகடைப்படி அமெரிக்க விமானங்கள் ஒன்பது குண்டுகளை இறக்கின, அகாகி, ககா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கியதாகக் கணக்கு வந்தது. ஒத்திகையை நடத்திய கடற்படை அதிகாரி உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகிக்கு லேசான சேதம் என்றார். மூழ்கிய ககாவும் பிறகு ஆட்டத்தில் திரும்ப மிதந்தது. அதில் பங்கேற்ற விமானி ஒருவர் போருக்குப் பின் எழுதியதிலிருந்து பரவிய கதை இது, எல்லா வரலாற்றாளரும் அப்படியே ஏற்பதில்லை. ஜூன் மாதம் நடந்த நிஜச் சண்டையில் அகாகி, ககா, சோர்யூ, ஹிர்யூ நாலும் மூழ்கியதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

நம் மேசையில் நடுவர் கிடையாது. அதனால் எங்கள் வழக்கம் இது. ஐந்து நிமிடம் விதிப்புத்தகத்தில் தேடுவோம். கிடைக்காவிட்டால் இரண்டு வாசிப்பையும் சத்தமாகச் சொல்லி, ஒரு பகடை வீசுவோம், ஒற்றைப்படை விழுந்தால் என்னுடையது, இரட்டைப்படை விழுந்தால் மச்சானுடையது. ஆட்டம் முடியும்வரை இருவருக்கும் அதே வாசிப்பு. ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகப் பேசி, இனி எப்போதும் எப்படி என்று விதிப்புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுவோம். பென்சில்தான். இரண்டை ஏற்கெனவே அழித்திருக்கிறோம்.

கொடி எவ்வளவு அடிக்கடி விழும்? பயந்து ஆட வேண்டுமா?

மூன்று பகடையில் ஒரு கொடியாவது விழ 216-ல் 91 வாய்ப்பு, ஏறக்குறைய 42 சதவீதம். இரண்டோ அதற்கு மேலோ விழ 216-ல் 16, அதாவது 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். என் இரண்டு சிப்பாய்களுக்கு நடந்தது அந்த 7-ல் சேர்ந்தது.

பயப்பட வேண்டியது பின்னால் வழியில்லாதபோது. காலாட்படையை ஒவ்வொரு பகடையிலும் மூன்று முகம் அடிக்கும், வழி அடைபட்டால் கொடியும் சேர்ந்து நாலு. டாங்கிக்கு இரண்டு, அடைபட்டால் மூன்று. பீரங்கியை அடிப்பது குண்டு முகம் ஒன்றுதான், அடைபட்டால் அது இரண்டாகிறது, ஆபத்து இரட்டிப்பு. பீரங்கியைத்தான் எல்லோரும் பத்திரமாக இருக்கட்டும் என்று கடைசி வரிசையில் கொண்டுபோய் வைக்கிறோம், அங்கே பின்னால் கட்டமே இல்லை. முழுசான ஒரு பீரங்கிப் படையை வெட்டவெளியில் மூன்று பகடை தாக்கினால், ஒரே வீச்சில் அது அழிய வாய்ப்பு, பின்னால் இடம் இருந்தால் 7 சதவீதம் சொச்சம், கடைசி வரிசையில் கிட்டத்தட்ட 26. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து என் பீரங்கி கடைசிக்கு முந்தைய வரிசையில் நிற்கிறது. பின்னால் இரண்டு கட்டமும் காலி. மச்சான் இன்னும் கடைசி வரிசையில்தான் வைக்கிறான், நானும் சொல்லவில்லை.